பின்னறைச் சுவரும் ஈரப்பலா இலையும்

சென்ற ஒக்டோபரில் ஒரு பின்னேரம். மழை பிடித்துக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, வீட்டில் கரண்ட் போய்விட்டது. எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறது. எங்கள் ட்ரிப் ஸ்விட்ச்தான் விழுந்திருந்தது. தூக்கினேன், விழுந்தது. இன்னொரு தடவை தூக்கினேன், மறுபடி விழுந்தது. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கிப் பார்த்ததில், பின்னறைக்குப் போகும் வயரை நிறுத்தினால் மட்டும் அது நின்றது. பின்னறைதான் அம்மா படுக்கும் அறை.

அடுத்த நாள் எலக்ட்ரீஷியன் வந்து கட்டில் தலைமாட்டுப் பிளக் பொயின்டைக் கழற்றினார். பெட்டிக்குள் வியர்வை போலத் தண்ணீர்த் துளிகள். பித்தளை முனைகளில் பச்சை பிடித்திருந்தது. வீடுகளில் இருக்கும் ட்ரிப் ஸ்விட்ச் வழக்கமாக 30 மில்லி அம்பியர் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டது. அது விழுவது தொல்லையில்லை, அம்மாவின் உயிரைக் காக்கிற வேலையைச் செய்கிறது. எலக்ட்ரீஷியன் அந்தப் பொயின்டை முழுதாகத் துண்டித்துவிட்டு, "வயரில் பிழை ஒன்றும் இல்லை. முதலில் சுவரைப் பாருங்கள்" என்று சொல்லிப் போனார்.

சுவரை நான் பார்க்காமல் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஊறிப் பெயின்ற் கொப்பளித்தபோது, சுரண்டி, பட்டி வைத்து, திரும்ப அடித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அதே இடம் மறுபடி கொப்பளித்தது. ஹாட்வெயார் கடையில் தண்ணீர் புகாத பெயின்ற் ஒன்று தந்தார்கள், அதையும் இரண்டு கோட் அடித்தேன். ஒரு வருடம் பளபளவென்று இருந்தது. பிறகு ஈரம் அந்தப் பெயின்ற் முடிகிற கோட்டுக்கு மேலே, இடுப்பு உயரத்தில் வந்து நின்றது. பிளக் பொயின்ட் இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அப்பப்பா வாங்கிய வீடு. சிங்களத்தில் கபொக் என்று சொல்லும் செம்பூரான்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சுவர்கள். இந்தக் கல்லும் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும், காற்றுப் பட்டால் விட்டுவிடும். உறிஞ்சியதை விட முடிகிற வரைக்கும் சுவருக்குக் கெடுதல் இல்லை. நான் உள்பக்கத்தை றப்பர் போல மூடிவிட்டேன். உள்ளே வந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல், வழி கிடைக்கும் உயரம் வரைக்கும் ஏறியது. ஈரத்தை மேலே ஏற்றி விட்டது என் பெயின்ற்தான். இது விளங்க எனக்கு நான்கு வருடம் எடுத்தது. இந்தப் பதிவை எழுதுவதும் அதற்காகத்தான். ஈரச் சுவர் உள்ளவர்கள் முதலில் தூரிகையைத் தூக்க வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

கண்டுபிடிக்க மூன்று காரியம் செய்தேன். முதலாவது, குசினியில் இருந்த அலுமினியத் தாளில் ஒரு முழச் சதுரம் வெட்டி, சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அறைப் பக்கம் உலர்ந்திருந்தது, சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து படிவது, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே போதும். சுவர்ப் பக்கம் நனைந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டாவது, ஈரம் முடிகிற கோட்டைப் பென்சிலால் கீறித் திகதி எழுதினேன். கிழமைக்கு ஒரு கோடு. மழை இல்லாத கிழமைகளில் கோடு இறங்கியது, பெய்த கிழமைகளில் ஏறியது. பைப் உடைந்து கசிவதாக இருந்தால் மழையோடு சேர்ந்து ஏறி இறங்காது. ஆக, மழைத் தண்ணீர்தான்.

மூன்றாவது காரியம் அதைவிட எளிது. அடுத்த பெரிய மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பின் வளவில் போய் நின்றேன். இருபது நிமிடம் நின்றிருப்பேன். இத்தனை வருடத்தில் அந்த மழையை நான் ஜன்னலுக்குள் இருந்துதான் பார்த்திருக்கிறேன். வெளியே நின்றால் கதையே வேறு. கூரைத் தண்ணீரை ஏந்தி இறக்கும் பீலியின் நடுவில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் திரைச்சீலை மாதிரிக் கொட்டியது. கீழே சீமெந்துத் தரையில் விழுந்து தெறித்துச் சுவரை முழங்காலுக்கு மேல் நனைத்தது. மூலையில் இறங்கும் பைப், வாயைச் சுவர் அடியிலேயே வைத்துக் கொண்டிருந்தது. எல்லாவற்றையும் விட மோசம், வளவுத் தண்ணீர் மதில் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் வந்து, சுவரை ஒட்டி நான்கு விரல் ஆழத்துக்குத் தேங்கி நின்றது.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். மேலிருந்து பார்த்தால் எங்கள் பின்கூரை 30 அடி நீளம், 14 அடி அகலம், அதாவது கிட்டத்தட்ட 40 சதுர மீற்றர். ஒரு மணித்தியாலத்தில் 50 மில்லிமீற்றர் பெய்கிற மழை கொழும்புக்குப் புதிதில்லை. அப்படியென்றால் 2000 லீற்றர், பத்து லீற்றர் வாளியால் 200 வாளி. அந்த இருநூறு வாளியையும் நாங்கள் அம்மாவின் கட்டிலுக்குப் பின்னால் ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். கொழும்பில் வருடத்துக்கு 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது, மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மழை விட்ட மறுநாள் ஏணி வைத்து ஏறினேன். கீழே ஏணியைப் பிடிக்க ஆள் இல்லாமல் ஏறவே கூடாது, ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தம்பி வந்து பிடித்துக்கொண்டான். பீலிக்குள் ஒரு முழு உலகம் இருந்தது. எங்கள் வளவில் ஒரு பெரிய ஈரப்பலா மரம் நிற்கிறது. அதன் இலை ஒன்று ஒரு சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிது, தோல் போலத் தடித்தது, இலகுவில் உக்காது. சரியாக ஒரே ஒரு இலை, இறங்கு குழாயின் வாயில் மூடி மாதிரிக் குப்புறக் கிடந்தது. அதன் மேல் மண், பாசி, காகம் கூடு கட்டக் கொண்டுவந்து தவற விட்ட வயர்த் துண்டுகள், இரும்பு ஹாங்கர் ஒன்று. அந்தச் சேற்றுக்குப் பின்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்த தண்ணீர் நின்றது. அதற்குள் நுளம்புக் குடம்பிகள் துடித்துக்கொண்டிருந்தன.

அதைக் கண்டதும் எனக்குக் கை கால் ஓய்ந்து போனது. முந்தின மாதம்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருந்தது. 2017-இல் இந்த நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான வருடத்தை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் பூச்சாடித் தட்டை எல்லாம் கிழமைக்குக் கிழமை கவிழ்ப்போம். பரிசோதகர்கள் வந்தால் வளவைத் திறந்து காட்டுவோம். தலைக்கு மேலே இருந்த பீலியை யாருமே நினைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு பரப்பும் நுளம்பு முட்டையைத் தண்ணீரில் விடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான ஓரத்தில் ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் கிடந்து, அடுத்த மழை தொட்டதும் பொரிக்கும். அதனால் பீலியின் உள் ஓரத்தைச் சவர்க்காரத் தண்ணீர் போட்டு முரட்டுத் தூரிகையால் முழு நீளத்துக்கும் தேய்த்துக் கழுவினேன்.

கழுவிய பிறகுதான் பீலியின் அசல் நிலை தெரிந்தது. பழைய தகரப் பீலி. கடற்காற்று தின்று, நான்கு இடத்தில் கறள் பிடித்து ஓட்டையாகி இருந்தது. நடுப்பகுதி தாங்கி உடைந்து தொங்கியது, தண்ணீர் நடுவில் வழிந்ததற்குக் காரணம் அது. கடலுக்குக் கிட்ட இருக்கும் வீட்டில் சாதாரண இரும்பு எதுவும் நிலைக்காது என்பதை வெள்ளவத்தைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கள் ஜன்னல் கம்பிகளே சாட்சி. பிவிசி பீலி போடுவது என்று முடிவு செய்தேன். ஆணி, ஸ்குறூ எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர்.

பீலிக்கு முன், கூரை. பின்பக்கம் அப்பா காலத்தில் ஓடுகளை எடுத்துவிட்டு அஸ்பெஸ்டஸ் தகடு போட்டார்கள். போல்ட்டுகளின் கீழிருந்த வொஷர்கள் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தன. மேசன் பாஸோடு வந்த தம்பி, ஹட்டன் பக்கத்துப் பிள்ளை, புது ஓட்டை போடத் துறப்பணத்தை எடுத்தார். நான் நிறுத்தச் சொன்னேன். "அண்ணே, எல்லா வீட்டிலும் இப்படித்தான் போடுறோம்" என்றார். உண்மைதான், எல்லா வீட்டிலும் அப்படித்தான் போடுகிறார்கள். நீல அஸ்பெஸ்டஸ் இலங்கையில் 1987-இல் தடை செய்யப்பட்டது. கூரைத் தகட்டில் இருப்பது வெள்ளை வகை. அதன் தூசியும் நுரையீரலுக்குப் புற்றுநோய் கொண்டுவரும் என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்கு இரண்டு கருத்து இல்லை. தகடு முழுதாகக் கிடக்கும்போது பெரிய ஆபத்து இல்லை. அறுத்தாலோ, துளைத்தாலோ, உலர்ந்தபடி கம்பித் தூரிகையால் பாசி தேய்த்தாலோதான் அந்த நார் காற்றில் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது, நோய் வர இருபது முப்பது வருடம் எடுக்கும். அந்தப் பிள்ளை தினமும் இந்த வேலை செய்கிறவர், வயது இருபத்திரண்டு.

ஆகவே புது ஓட்டை போடவில்லை. பழைய ஓட்டைகளிலேயே புது போல்ட்டும், அகலமான புது வொஷரும் போட்டோம். தொட்ட இடத்தை எல்லாம் முதலில் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நனைத்தோம். இருவருக்கும் சரியான மாஸ்க். பாசியை நனைத்து, பிளாஸ்ரிக் தகட்டால் மெதுவாக வழித்து, பைக்குள் போட்டுக் கட்டினோம். தும்புத்தடியால் கூட்டவில்லை. தகட்டின் மேட்டில்தான் போல்ட் இருக்க வேண்டும், பள்ளத்தில் இருந்தால் ஓடும் தண்ணீர் அதற்குள்தான் போகும். எங்கள் கூரையில் இரண்டு பள்ளத்தில் இருந்தன, அவற்றைத் தார் நாடா ஒட்டி அடைத்தோம். வேலை முடிந்து போகும்போது அந்தத் தம்பி மாஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன், எனக்கு அது பெரிய ஆறுதல். மிச்சமிருந்த பெட்டியையும் கொடுத்தேன்.

பீலியை நானும் பாஸும் சேர்ந்து மாட்டினோம். கூரை ஓரத்தில் அடித்திருக்கும் வலன்ஸ் பலகையின் விளிம்பை வைத்துத்தான் சரிவு பார்க்கலாம் என்று நினைத்தேன். பாஸ் சிரித்துவிட்டு, ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்தார். குழாயின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும், உள்ளே காற்றுக் குமிழ் மட்டும் இருக்கக் கூடாது. அப்படிப் பிடித்துப் பார்த்தால் எங்கள் வலன்ஸ் பலகை நடுவில் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது! அதை நம்பியிருந்தால் புதுப் பீலியும் நடுவில்தான் வழிந்திருக்கும். பத்து அடிக்கு அரை அங்குலம் வீதம், முப்பது அடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு என்று நூல் கட்டினோம். தாங்கிகள் இரண்டு அடிக்கு ஒன்று. பழைய 63 மில்லிமீற்றர் இறங்கு குழாயை எடுத்துவிட்டு 90 மில்லிமீற்றர் போட்டோம்.

இங்கே நான் ஒரு பிழை விட்டேன். பசை மீந்ததே என்று மூன்று துண்டுகளையும் ஒரேயடியாக ஒட்டி, இரண்டு முனையையும் இறுக்கி ஸ்குறூ பண்ணிவிட்டேன். காலையில் நேராக இருந்தது. மத்தியானம் பார்த்தால் நடுவில் வில்லு மாதிரி வளைந்து, ஒரு தாங்கியைப் பிடுங்கியிருந்தது. பிவிசி சூட்டில் நீளும். ஒரு மீற்றருக்கு, ஒரு பாகை வெப்பத்துக்கு, ஏறக்குறைய 0.06 மில்லிமீற்றர். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் விடியற்காலைக்கும் மத்தியான வெயிலுக்கும் இடையில் பீலியின் உடம்புச் சூடு முப்பது பாகை மாறினால், ஒன்பது மீற்றருக்கு ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஒரு மூட்டை அறுத்து, பசை போடாத, றப்பர் வைத்த நெகிழ்வு மூட்டு மாட்டினேன். ஒரு முனை மட்டும் இறுக்கம், மற்ற முனை தாங்கிக்குள் சும்மா உட்கார்ந்து நகரும். அதற்குப் பிறகு வளையவில்லை.

இறங்கு குழாயின் வாயில் இலை வடிகட்டி வைப்பதிலும் யோசிக்க வேண்டியிருந்தது. கடையில் தட்டையான வலை விற்கிறார்கள். ஈரப்பலா இலைக்கு அது உதவாது, ஒரே இலை தட்டையாக விழுந்து வலையை மூடிவிடும். கோழிக்கூட்டுக் கம்பி போன்ற, பிளாஸ்ரிக் பூசிய வலையை ஒரு கூம்பாகச் சுருட்டி, ஒரு சாண் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்தேன். இலை பக்கத்தில் சாய்ந்தாலும் மற்றப் பக்கத்தால் தண்ணீர் போகும். மரத்தை வெட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அந்த மரத்து ஈரப்பலாக்காய் ஒழுங்கை முழுக்கக் கறியாகிறது, எனக்கும் மனம் வரவில்லை. கூரைக்கு மேலே நீட்டிய இரண்டு கிளையை மட்டும் கயிறு கட்டி இறக்கினோம்.

அடுத்தது வளவு. இந்த வேலையில்தான் மிச்சமெல்லாம் அடங்கியிருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அம்மா ஒருநாள் பின்வாசலில் நின்று, "தம்பி, நான் கலியாணம் முடிச்சு வரேக்க இதில மூண்டு படி இருந்தது" என்றார். இப்போது ஒரு படிதான். வீடு தாழவில்லை, வளவுதான் உயர்ந்திருக்கிறது. ஒருதடவை மணல் கொட்டியிருக்கிறார்கள். ஒருதடவை சீமெந்து போட்டிருக்கிறார்கள். அது வெடித்ததும் உடைக்காமல் அதற்கு மேலேயே இன்னொரு தடவை. சுவரடியில் அலவாங்கு போட்டு ஓர் இடத்தை உடைத்துப் பார்த்தோம். ஒன்பது அங்குலம் கீழே, அத்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையில், கறுப்பாக ஒரு கோடு: தார்ப்படை. நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்க அந்தக் காலத்து மேசன் ஒழுங்காகப் பூசி வைத்தது. தார்ப்படைக்கு ஆறு அங்குலமாவது கீழே வெளி நிலம் இருக்க வேண்டும். எங்கள் நிலம் அதைத் தாண்டி ஒன்பது அங்குலம் மேலே நின்றது. அணைக்கட்டுக்கு மேலால் தண்ணீர் போகிற மாதிரி, ஈரம் தடுப்பைத் தாண்டி நேரே சுவருக்குள் போயிருக்கிறது. அந்த மேசன் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை, பின்னால் வந்த நாங்கள்தான் அதைப் புதைத்தோம்.

சுவரை ஒட்டி மூன்று அடி அகலத்துக்கு, 30 அடி நீளத்துக்கு, முழுதையும் உடைத்து எடுத்தோம். மூன்று ஆள், நான்கு நாள். இரண்டு சீமெந்துப் படையும் நடுவில் மணலும். தார்ப்படைக்கு ஆறு அங்குலம் கீழே வரும் வரைக்கும் இறக்கினோம், அதற்குக் கீழே அத்திவாரத்தின் பக்கம் தோண்டவில்லை. ஒரேயடியாகத் திறக்கவும் இல்லை, பழைய அத்திவாரம் என்பதால் பத்து அடி பத்து அடியாகத்தான் பாஸ் செய்தார். பிறகு மெல்லிய கொங்கிறீற் போட்டு, மூன்று அடிக்கு ஓர் அங்குலம் வெளிப்பக்கம் சரிய விட்டோம். அதன் ஓரத்தில் ஒரு சின்ன திறந்த கான். மூடிய கான் வேண்டாம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன், கண்ணுக்குத் தெரிகிற கானைத்தான் மனிதர் துப்பரவு செய்வார்கள்.

கானின் தண்ணீர் எங்கே போகும்? ஒழுங்கையின் கான் எங்கள் பின்வளவை விட உயரத்தில் இருக்கிறது, முழுதையும் அங்கே தள்ள முடியாது. இங்கேதான் கடற்கரை மணல் எங்களுக்குக் கைகொடுத்தது. ஓர் அடிக் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அது இறங்கியதும் இன்னொரு வாளி. முதல் வாளியை எந்த மண்ணும் குடிக்கும், இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். இரண்டாவது ஆறு நிமிடத்தில் போய்விட்டது. களிமண் நிலத்தில் இது நடக்காது, அப்படிப்பட்டவர்கள் வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, மலக்குழிக்கும் ஈரப்பலா வேருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து, மூன்று அடி நீள அகல ஆழத்தில் ஒரு குழி. உள்ளே மண் புகாமல் தண்ணீரை மட்டும் விடுகிற துணியை விரித்து, உடைத்தெடுத்த சீமெந்துக் கட்டிகளைக் கழுவி அடியிலும், கருங்கல் சல்லியை மேலேயும் நிரப்பினோம். துணியை மடித்து மூடி, அதற்கு மேல் அரை அடி மணல். தண்ணீர் வெளியில் தெரியாது, நுளம்புக்கு இடமும் இல்லை. இருபத்தேழு கன அடிக் குழி என்றால் 760 லீற்றர் சொச்சம். கல்லுக்கு இடையிலுள்ள வெற்றிடம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு, ஆக ஒரே நேரத்தில் 300 லீற்றர் நிற்கும். மிச்சத்தை மணல் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் மிஞ்சினால் ஒழுங்கைக் கானுக்குப் போக ஒரு வழியும் விட்டோம். குழிக்குப் போகும் முன் ஒரு சின்னத் தொட்டி, மண்ணும் இலையும் அதிலே தங்கும். அதன் அடியில் மூன்று ஓட்டை போட்டோம், மழை விட்டதும் காய்ந்துவிட வேண்டும் என்பதற்காக.

டிசம்பர் கடைசியில் இவ்வளவும் முடிந்தது. உள்ளே, என் பெயின்றையும் பட்டியையும் சாந்தையும் ஈரக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரைக்கும் கொத்தி எடுத்தோம். செம்பூரான்கல் வெளியே தெரிந்தது. சில நாளில் அதில் வெள்ளை மாப்போல உப்புப் பூத்தது. அதைத் தண்ணீர் போட்டுக் கழுவக் கூடாது. உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, அள்ளி எடுத்து வெளியே போட வேண்டும். கிழமைக்கு ஒருதடவை அப்படிச் செய்தேன். முதல் கிழமை ஒரு கிண்ணம் நிறைய வந்தது, கடைசியில் ஒரு தேக்கரண்டிகூட வரவில்லை.

அம்மாவுக்குத் தைப்பொங்கலுக்கு முன் அறை முடிய வேண்டும். சனம் வந்து போகிற நாளில் சுவர் தோல் உரிந்து நிற்கிறதே என்று அவருக்கு மனத்தாங்கல். எனக்கும் அது விளங்கியது. ஆனால் ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்பில் மழை ஆகக் குறைந்த மாதங்கள், சுவர் காய இதை விட்டால் வேறு காலம் இல்லை. "அம்மா, இந்தமுறை மட்டும்" என்று கேட்டேன். அவர் கட்டிலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்தி வைத்தார். பத்துக் கிழமை, ஜன்னல் திறந்து, மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழன்றது. அலுமினியத் தாளை மறுபடி ஒட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் உலர்ந்து வந்த பிறகுதான் பாஸைக் கூப்பிட்டேன்.

சாந்து விடயத்தில் பாஸுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். அவருக்குச் சீமெந்தும் மணலும் மட்டும் போதும். கல்லை விட இறுக்கமான பூச்சு பழைய சுவருக்குப் பகை என்று நான் சொன்னேன். கடைசியில் சீமெந்து ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, ஆற்று மணல் ஆறு என்று சம்மதித்தார். பூசும்போது சுண்ணாம்பு கலந்த சாந்து கரண்டியில் வெண்ணெய் போல நழுவியதைப் பார்த்து அவருக்கே பிடித்துவிட்டது. தன் தகப்பனார் இப்படித்தான் கலப்பார் என்றார். பிளக் பொயின்டைப் புதுப் பெட்டி வைத்துப் பழைய இடத்தை விட உயரத்துக்கு மாற்றினோம், அது எலக்ட்ரீஷியன் வேலை, நான் கை வைக்கவில்லை.

ஒரு மாதம் காய விட்டு, பெயின்றுக்குப் பதில் சுண்ணாம்பு அடித்தோம். மெல்லிதாக மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை லேசாக நனைத்து. அம்மா பக்கத்தில் நின்று, வாளிக்குள் ஒரு சிட்டிகை நீலம் போடச் சொன்னார். யாழ்ப்பாணத்து வீட்டில் வருடா வருடம் அப்படித்தான் அடிப்பார்களாம், வெள்ளை எடுத்துக் காட்டுமாம். எடுத்துத்தான் காட்டியது. உரசினால் உடுப்பில் பிடிக்கும் என்பது ஒரு குறை. கட்டில் தலைமாட்டில் ஒரு துணிப்பாய் தொங்க விட்டிருக்கிறோம்.

மே மாதம் மூன்றாம் கிழமை தென்மேல் பருவக்காற்றோடு முதல் பெரிய மழை வந்தது. குடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் பின்வளவில் போய் நின்றேன், இந்தமுறை அம்மா விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பீலி எங்கும் வழியவில்லை. கான் நிறைய ஓடியது. முப்பத்தைந்து நிமிடத்தில் குழி நிறைந்து, மேலதிகத் தண்ணீர் ஒழுங்கைக் கானுக்குத் திரும்பியது. மழை குறைந்து பத்து நிமிடத்தில் குழி மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டது. சுவரடி நனைந்திருந்தது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. ட்ரிப் ஸ்விட்ச் அசையவில்லை.

இப்போது ஜூலை. புதுச் சாந்தில் கிழமைக்கு ஒரு பென்சில் கோடு போட நான் தயாராக இருந்தேன், போட ஈரம் இல்லை. ஒரு மூலையைத் தவிர. மதிலை ஒட்டிய வடக்கு மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இருக்கிறது. மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் அது ஒரே அளவு, ஆகவே இது மழைத் தண்ணீர் இல்லை. அந்த மதிலுக்கு மற்றப் பக்கம் பக்கத்து வீட்டுக் குளியலறை. மாமியிடம் சொல்லியிருக்கிறேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய பைப்பை எல்லாம் அடைத்து, தண்ணீர் மீற்றர் ஓடுகிறதா என்று சேர்ந்து பார்க்கப் போகிறோம்.